வீட்டுக் காடிக்கு ஏற்ற பாண்டங்கள்

திருவனந்தபுரம் வட்டாரத்தில் தேங்காய் புழங்காத வீடு அரிது. சமையலுக்காகவும் கொப்பரைக்காகவும் உடைக்கப்படும் முற்றிய தேங்காய்களின் நீர் பெரும்பாலும் வீணே கொட்டப்படுகிறது. அந்நீரில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு வரை சர்க்கரைப் பொருள் உண்டு. மேலும் சர்க்கரை சேர்த்து அதை நூற்றுக்கு 10 பங்காக உயர்த்தி நொதிக்க விட்டால், வினிகர் என்றும் சுர்க்கா என்றும் வழங்கும் காடி கிடைக்கும். தென்னை வளர்ச்சி வாரியம் இம்முறையைப் பரப்பி வருகிறது. செய்முறையை விளக்கச் செல்லும் களப்பணியாளரிடம், “இதை எந்தப் பாத்திரத்தில் போட்டு வைப்பது?” என்ற கேள்வி எழாமல் இராது. அதற்குச் சரியான விடை தெரிந்திருத்தல் செய்முறையைத் தெரிந்திருப்பதைவிடக் குறைந்த முக்கியத்துவம் உடையதன்று.

காடி இரு கட்டங்களில் விளைகிறது. முதற் கட்டத்தில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. சில நாட்களில் இது முடிந்துவிடும். இரண்டாம் கட்டத்தில் வேறு வகைப் பாக்டீரியங்கள் காற்றிலுள்ள பிராணவாயுவின் துணைகொண்டு அச்சாராயத்தை அசெட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. வீட்டு முறையில் இதற்குப் பல வாரங்கள் ஆகும். இந்தியாவில் விற்கப்படும் புளிக்க வைத்த காடியில் 100 மில்லிலிட்டருக்கு 3.75 கிராமுக்குக் குறையாத அமிலம் இருத்தல் வேண்டும் என்பது உணவு விதி. வெறுந் தண்ணீரைப் பல்லாண்டுக் காலம் தாங்கிய பாத்திரம், இத்தகைய அமிலத்தைச் சில வாரங்களேனும் தாங்கும் என்று கொள்வதற்கில்லை.

துத்தநாகத் துண்டின்மீது அமிலத்தை ஊற்றி ஹைட்ரஜன் வாயு தயாரிக்கும் சோதனையைப் பள்ளி ஆசிரியர் அனைவரும் அறிவர். நாகப்பூச்சுள்ள இரும்பு வாளியில் காடியை ஊற்றி வைப்பவர் அதே சோதனையைத் தம் வீட்டில் மெதுவாகச் செய்பவரே ஆவார். கரைந்த துத்தநாகம் கடும் வாந்தியை உண்டாக்கும். செம்பிலும் பித்தளையிலும் புளிப்புப் பண்டம் தங்கினால் களிம்பேறும் என்பதை நம் பாட்டிமார் நன்கறிந்திருந்தனர். அலுமினியத்தின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தை அமிலம் அரித்து, உலோகத்தில் சிறு குழிகளை உண்டாக்கும். உலோகங்களுள் துருப்பிடிக்காத எஃகு ஒன்றே இவ்வேலைக்கு உகந்தது. அதிலும் நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்த வகை நல்லது.

இவ்விடத்தில் ஒரு சொற்குழப்பத்தைத் தெளிவாக்குதல் அவசியம். ‘ஈயம்’ என்று நாம் பொதுவாக வழங்குவது இரு வேறு உலோகங்களைக் குறிக்கும். பித்தளைப் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, உட்புறம் பூசப்படுவது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தால் ஆக வேண்டியதே. காரீயமோ கொடிய நஞ்சு. அது விலை மலிவானதாகையால் வெள்ளீயத்தோடு கலக்கப்படுவதுண்டு. கலப்பைக் கண்ணால் கண்டுபிடித்தல் இயலாது. நாவாலும் இயலாது. காடியின் அமிலமும் காரீயமும் சேர்ந்து உண்டாகும் உப்பு, இனிப்புச் சுவை உடையது. ‘காரீயச் சர்க்கரை’ என்பது அதன் பழம்பெயர். கெட்டுப்போன பண்டம் நாற்றத்தால் தன்னைக் காட்டிக்கொள்ளும். இந்நஞ்சு இன்சுவையால் தன்னை மறைத்துக்கொள்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது சிறிது சிறிதாகக் கெடுப்பதால், தீங்கற்ற அளவு என்று ஒன்றை அதற்கு வரையறுக்க இயலாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஆகவே, ஈயம் பூசிய பாத்திரம் எதுவும் காடிக்கு வேண்டா.

18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆப்பிள் மது அருந்தியோர் பலர் கொடிய வயிற்றுவலியாலும் கை தளர்ச்சியாலும் அல்லலுற்றனர். பழத்தின் புளிப்பே காரணம் என்று பலரும் எண்ணியிருந்தனர். பழம் பிழியும் பொறிகளில் பயன்பட்ட காரீயமே உண்மைக் காரணம் என்று ஜார்ஜ் பேக்கர் என்னும் மருத்துவர் 1767-இல் எடுத்துக்காட்டினார். அதற்கும் முன்னரே, 1723-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், சாராயம் வடிக்கும் கருவிகளில் காரீயத் தலைப்பாகமும் குழாயும் பொருத்துதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. எனினும் அண்மைக் காலம் வரையில் அந்நாட்டில் மோட்டார் வண்டியின் ரேடியேட்டரைக் குளிர்விப்பானாகக் கொண்டு திருட்டுச் சாராயம் வடித்தோர் உண்டு. அதன் பற்றவைப்பிலுள்ள காரீயம் குடித்தவர்களின் உடலில் சேர்ந்தது.

காடிக்கென நொதிக்க வைத்ததைக் காய்ச்சி வடிக்கலாமா என்று எவரேனும் வினவினால், கூடாது என்பதே விடை. உரிமமின்றிச் சாராயம் வடித்தல் கேரள ஆப்காரிச் சட்டப்படி குற்றம். எரியும் ஆவியால் தீ விபத்து நேரும் அபாயமும் உண்டு. 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டத்துக் கல்லுவாதுக்கல் நிகழ்ச்சியில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதற்குப் பாத்திரம் காரணமன்று. சாராயத்தில் கலந்திருந்த மெதில் ஆல்கஹாலே காரணம். இவ்விரண்டு நஞ்சுகளையும் ஒன்றாகக் குழப்பிக் கூறுதல் தவறு.

இனி, கேரள இல்லங்களில் மாங்காய் ஊறுகாய் இடும் பரணிக்கு வருவோம். மிகுந்த வெப்பத்தில் சுடப்பட்டு, கண்ணாடி போன்ற மெருகு ஏறிய கனமான பரணி காடிக்குச் சிறந்த கலங்களுள் ஒன்று. ஆயினும் மெருகு அனைத்தும் ஒரே தன்மையதன்று. குறைந்த வெப்பத்தில் உருகிப் பளபளப்புத் தரும் பொருட்டுக் காரீயம் சேர்த்த மெருகும் உண்டு. பகட்டான வண்ணம் பூசிய அலங்காரச் சாடிகளையும், எங்கே செய்யப்பட்டதென்று தெரியாத பழஞ் சாடிகளையும், மெருகு வெடித்தவற்றையும் விலக்குக. ஐயமிருப்பின் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்தறிவதே வழி.

மெருகில்லா மண்பானையின் குறை நஞ்சு அன்று, நுண்துளைகளே. கள் இறக்கும் கலயத்தில் சென்ற நாளின் நுண்ணுயிர்கள் ஒட்டியிருப்பதாலேயே புதிய பதநீரும் விரைவில் புளிக்கிறது. அதைத் தடுக்கவே உட்புறம் சுண்ணாம்பு தடவுகின்றனர். எவ்வளவு கழுவினும் அத்துளைகள் தூய்மையாகா. ஆயுர்வேத மருத்துவர்கள் இதை அறிந்தே அரிஷ்டம் ஊற்றும் புதுப்பானையின் உட்புறத்தில் நெய் தடவிப் புகையூட்டும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர் போலும். நெய் துளைகளை அடைக்கிறது. பொறுமையுள்ளவர்க்கு அது நல்ல முறையே. பிறர்க்குக் கண்ணாடியே எளிது.

கண்ணாடி எதையும் கரைய விடாது. உள்ளே நடப்பதையும் காட்டும். ஆனால் அதை இறுக மூடுதல் ஆபத்து. 10 லிட்டர் கரைசலில் உள்ள 1 கிலோகிராம் சர்க்கரை முழுதும் நொதித்தால் ஏறக்குறைய அரைக் கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படும். நம் ஊர் வெப்பநிலையில் அது 250 லிட்டருக்கும் மேற்பட்ட இடத்தைக் கொள்ளும். போக்கிடமின்றி இவ்வாயு அடைபட்டால் கண்ணாடி வெடித்துச் சிதறும். வீடுகளில் நேரக்கூடிய விபத்துகளுள் இதுவே உடனடியானது. கலத்தில் நாலில் ஒரு பங்கு காலியாக இருத்தல் வேண்டும். மூடியில் சிறு குழாய் பொருத்தி, அதன் மறுமுனையை ஒரு குவளை நீரில் அமிழ்த்தி வைத்தல் வேண்டும். வாயு குமிழியிட்டு வெளியேறும். வெளிக்காற்றோ ஈக்களோ உட்புகா.

பிளாஸ்டிக் கலம் வாங்குவோர் உணவுக்கு உரியது என்று குறிக்கப்பட்ட புதியதையே வாங்குதல் வேண்டும். பூச்சிமருந்தோ பெயின்டோ அடைத்து வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. பிளாஸ்டிக்கினுள் ஊறிய பொருளைக் கழுவி நீக்க முடியாது. உட்புறம் கீறல் விழுந்த கலமும் ஆகாது; அக்கீறல்களில் வேண்டாத நுண்ணுயிர்கள் தங்கும்.

முதற் கட்டம் முடிந்ததை அறிவதற்கு ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்துகாட்டத்தக்க வழி உண்டு. குழாயின் முனையைப் புதிதாகத் தெளிய வைத்த சுண்ணாம்பு நீரில் அமிழ்த்தினால், நொதிப்பு நடக்கும்வரை அந்நீர் பால்போல் வெளுக்கும். குமிழிகள் நின்று, மாற்றிவைத்த சுண்ணாம்பு நீர் தெளிவாகவே இருக்குமாயின், திரவத்தை வண்டலின்றி வடித்து, வாயகன்ற பரணிக்கோ கண்ணாடிச் சாடிக்கோ மாற்றலாம். அங்கே அதற்குக் காற்று தேவை. ஆதலால் மூடிக்குப் பதிலாக வெந்நீரில் அலசி உலர்த்திய மெல்லிய துணியை வாயில் கட்டிவிடுதல் வேண்டும்.