வெயிலை அளந்த அறிஞர்

சித்திரைத் திங்களின் நண்பகற்போதில் காரிமங்கலத்துக் குன்றின்மீது வெறுங்காலுடன் நடந்தோர், பாறையின் சூட்டை எளிதில் மறவார். அந்தி சாயும் வேளையிலும் அப்பாறை வெதுவெதுப்பாகவே இருக்கும். விடியலில் தொட்டால் குளிர்ந்திருக்கும். பகலெல்லாம் பாறை ஈட்டிய வெப்பம் இரவில் எங்கே சென்றது? இவ்வினா எளியது போலத் தோன்றும். ஆயினும், வெப்பத்தின் இத்தகைய போக்குவரவை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார் ஓர் இந்திய அறிஞர். அவரே பேராசிரியர் சுகாஸ் பாண்டுரங்க சுகாத்மே ஆவார்.

1938-ஆம் ஆண்டிற் பிறந்த சுகாத்மே, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் எந்திரப் பொறியியல் பயின்று, 1958-இல் பட்டம் பெற்றார். பின்னர், அமெரிக்க நாட்டு மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்திற் சேர்ந்து, உலோக ஆவி குளிர்ந்து நீர்மமாகும்போது வெப்பம் கைமாறும் வகையை ஆராய்ந்து, 1964-இல் முனைவர் பட்டம் எய்தினார். மறு ஆண்டே பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியப் பணியை ஏற்றார்.

வெப்பம் ஓரிடத்தினின்று பிறிதோரிடத்திற்கு மூன்று வழிகளிற் செல்லும். அடுப்பிலுள்ள குழம்பில் இட்ட இருப்புக் கரண்டியின் காம்பு சுடுவது கடத்தல். உலைநீர் கீழிருந்து மேலெழுந்து சுழல்வது சலனம். இடையே பொருள் யாதுமின்றி ஞாயிற்றின் வெம்மை நம்மை வந்தடைவது கதிர்வீசல். காரிமங்கலத்துப் பாறை தன் வெப்பத்தை இழப்பதும் இம்மூன்று வழிகளிலேதான். அடியிலுள்ள பாறைக்கும், மேலே வீசும் காற்றுக்கும், திறந்த வானுக்கும் அது தன் செல்வத்தை வாரி வழங்கிவிடுகிறது.

ஆதலின், வெயிலைப் பிடித்து வைக்க விரும்புவோர் இம்மூன்று வாயில்களையும் காத்தல் வேண்டும். வீட்டு மாடிகளில் வெந்நீர் தரும் சூரியக் கலத்தைக் காண்க. அதிலுள்ள கரிய தகடு வெயிலை ஏற்கிறது; தகட்டோடு இணைந்த குழாய்களில் ஓடும் நீர் அவ்வெப்பத்தைப் பெறுகிறது. அடியிலுள்ள காப்புப்பொருள் கடத்தலைத் தடுக்கிறது. மேலுள்ள கண்ணாடி, வீசும் காற்று தகட்டைத் தீண்டாமற் காக்கிறது. அன்றியும், ஞாயிற்றின் ஒளியை உள்ளே விட்டு, தகடு வெளியிடும் வெப்பக்கதிரை மறிக்கிறது. தெளிந்த வானுடைய நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் வந்து வீழ்கிறது. அதில் தப்புவது எவ்வளவு, எஞ்சுவது எவ்வளவு என்று கணக்கிட்டறிவதே இத்துறையினரின் பணி. இக்கணக்கு முறைகளைத் தொகுத்துச் சுகாத்மே 1984-இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் பொறியியல் மாணவர் பலரும் பாடநூலாகக் கொண்டனர்.

1983-இல் பட்நாகர் பரிசு பெற்ற இவர், 1995 முதல் 2000 வரை தாம் பணியாற்றிய கழகத்தின் இயக்குநராக விளங்கினார். 2001-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இப்பெருமைகளினும் சிறந்ததொன்று அவர்தம் முதுமையில் நிகழ்ந்தது. 2011-இல் அவர் 'கரண்ட் சயின்ஸ்' என்னும் ஆய்விதழில் ஒரு கணக்கை வெளியிட்டார். 2070-ஆம் ஆண்டளவில் 170 கோடி மக்களுக்கு, ஆளொன்றுக்கு ஆண்டிற்கு 2,000 யூனிட் வீதம், 3,40,000 கோடி யூனிட் மின்சாரம் வேண்டும். வெயில், காற்று, நீர் முதலிய வற்றாத வளங்கள் அனைத்தும் சேர்ந்து தரவல்லது 1,22,900 கோடி யூனிட்டே என்பது அக்கணக்கின் முடிவு. வெயிலையே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர், 'வெயில் போதாது' என்று சொல்ல நேர்ந்தது! தம் துறையின்மீது கொண்ட பற்று அவர் கணக்கை வளைக்கவில்லை.

2012-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து அறிஞர்கள், சூரிய ஆற்றலுக்கு நிலம் ஒரு தடையன்று என்று அதே இதழில் வாதிட்டனர். அவ்வாண்டிலேயே சுகாத்மே தம் கணக்கை மீண்டும் ஆராய்ந்தார். முன்னர்ச் சூரிய ஆற்றலைக் குறைவாக மதித்திருந்தமை கண்டு, நாட்டின் தேவையை அவ்வளங்களால் நிறைவு செய்தல் இயலும் என்று திருத்தி எழுதினார். தாம் எழுதியதைத் தாமே திருத்துதல் யாவர்க்கும் எளிதன்று. புகழ் பெற்ற முதியோர்க்கு அஃது இன்னும் அரிது.

மாணவர்களே! நம் தருமபுரிச் சீமையில் மழை பொய்ப்பதுண்டு. வெயில் பொய்ப்பது அரிது. அவ்வெயிலைப் பயன்கொள்ளக் கரிய தகடும் கண்ணாடியும் வேண்டும். அவற்றோடு, உள்ளதை உள்ளவாறே அளக்கும் நேர்மையும், பிழை கண்டவிடத்துத் திருத்திக்கொள்ளும் துணிவும் வேண்டும்.