ஆட்டுக்குப் புல் - 150 ரூபாய்!

எங்கள் தெரு இளைஞர் மன்றத்துக்கு அடியேன்தான் பொருளாளர். ஆபீஸ் கிளார்க் என்றால் கணக்கு வரும் என்று யாரோ தப்பாக நினைத்துவிட்டார்கள்!

கண் சிகிச்சை முகாம் நடத்த ஒரு அறக்கட்டளை 40,000 ரூபாய் தந்தது. உடனே கமிட்டி கூடியது. ஷாமியானா, மைக் செட், பிரமுகர்களுக்குப் பொன்னாடை... கூட்டிப் பார்த்தால், கண்ணுக்கு மட்டும் காசு மிச்சமில்லை.

"ஆபரேஷனும் ஃப்ரீ, லென்ஸும் ஃப்ரீ. அப்புறம் எதுக்குய்யா பணம்?" என்றார் தலைவர்.

எதற்கு என்பதை மதுரைக்காரர்கள் எப்பவோ கண்டுபிடித்துவிட்டார்கள். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது அரவிந்த் கண் மருத்துவமனை. ஆபரேஷன் இலவசம் என்றாலும் ஏழைகள் வரவில்லை. பஸ் சார்ஜ், சாப்பாடு, கூலி நஷ்டம், துணைக்கு வருகிறவரின் கூலி நஷ்டம்... 'இலவசத்'துக்கு இவ்வளவு செலவு! அதனால்தான் முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றி, சோறு போட்டு, ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடும் வழக்கம் வந்தது.

இதைச் சொல்லிப் பொன்னாடையில் பாதியை வெட்டினேன். இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

முகாம் அன்று பஸ் கிளம்பும் நேரம். இரண்டு கண்ணிலும் புரை விழுந்த ஒரு பாட்டி ஏறவே மாட்டேன் என்று அடம்.

"நான் போயிட்டா ரெண்டு ஆட்டை யாரு சாமி பாப்பா?"

டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னார், நடக்கவில்லை. கடைசியில் மூன்று நாள் புல்லுக்கு என்று 150 ரூபாயைப் பாட்டி கையில் வைத்தேன். பக்கத்து வீட்டுப் பையனிடம் அதைக் கொடுத்து, ஆட்டையும் ஒப்படைத்த பிறகுதான் பஸ் ஏறினார்.

செலவு அறிக்கை அனுப்பினேன். சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. 'ஆட்டுக்குப் புல் - விளக்கவும்.'

"பொன்னாடைன்னு மாத்தி எழுதுய்யா, கண்ணை மூடிட்டு பாஸ் பண்ணுவாங்க" என்றார் தலைவர். பேனாவை எடுத்தும் விட்டேன். ஆனால், அந்த 150 ரூபாய்தான் மொத்தக் கணக்கிலேயே உருப்படியான செலவு. அதைப் போய் மறைப்பதா? இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன்.

பதில் ஒரே வரி: 'ரசீது எங்கே?'

வவுச்சரும் மைப்பெட்டியுமாகப் பாட்டி வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடி வழியாக ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அந்தப் புள்ள? குரலைக் கேட்டு குண்டா இருப்பேன்னு நெனச்சேன். சாப்புடறதே இல்லியா?"

விரலைப் பிடித்து வைக்கப் போனேன். தட்டிவிட்டார்.

"கட்டம் போட்டிருக்கே, இங்கதானே?" என்று, தானே சரியாகக் கைநாட்டு வைத்தார்.