மழை விட்ட பிறகும் வீட்டுக்குள் தண்ணீர்... குற்றவாளி யார்?

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேசிக்கொண்டிருந்தபோதே நேரம் முடிந்துவிட்டது. அன்று விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்த அங்கத்துக்காக லாபு பக்கம் ஒரு தாமானுக்குப் படப்பிடிப்புக்குப் போயிருந்தோம். அடுத்தடுத்த இரண்டு தரைவீடுகள். இரண்டு குடும்பமும் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள். ஆனால் இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் மழைத் தண்ணீர்!

"அவுங்க கார் கொட்டகைத் தகரத்துத் தண்ணி எல்லாம் எங்க சுவத்துலதான் ஊத்துது தம்பி" என்றார் ஒரு வீட்டு அம்மா. பக்கத்து வீட்டு அண்ணனைக் கேட்டால், "அந்தம்மா குசினியை இழுத்துக் கட்டி, பின்னால ஓடுன கால்வாயையே மூடிட்டாங்க. அப்புறம் தண்ணி எங்க போகும்?" என்றார். சுற்றிப் பார்த்தால், இருவர் சொன்னதும் உண்மைதான்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். லயத்து ஓரமாகச் சிமெண்டுக் கால்வாய் ஓடும். அதைத் தினமும் கூட்டிக் கழுவ ஆள் இருக்கும். நம் மீதுள்ள அன்பினால் மட்டும் நிர்வாகம் அதைச் செய்ததாக நினைக்க வேண்டாம். காய்ச்சலில் ஆள் விழுந்தால் பால் மரம் வெட்ட ஆள் ஏது? 1901-இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நிலத்தை வடியவைத்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். அதன் பிறகு வடிகால் வேலை தோட்டங்களுக்கும் பரவியது. தாமானுக்கு வந்ததும் கால்வாய் நம்முடையதாகிவிட்டது. கூட்டுகிற ஆள் மட்டும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். மணிக்கு 60 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அது மிகக் கனத்த மழை என்பது நம் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வகைப்பாடு. 100 சதுர மீட்டர் கூரையில் அப்படி ஒரு மணி நேரம் பெய்தால் 6,000 லிட்டர். 200 லிட்டர் பீப்பாயில் பிடித்தால் முப்பது பீப்பாய்! உங்கள் ஒரு வீட்டுக் கூரைத் தண்ணீர் மட்டும் இவ்வளவு. இதற்கு வழி விட்டிருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

சுவர் ஈரமானதும் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சாயம் அடிக்கச் சொல்கிறோம். அடுத்த மழைக்கு மறுபடியும் பூஞ்சணம். பணம் வீண். முதலில் அது மழைத் தண்ணீர்தானா என்று பாருங்கள். ஒரு வாரம் வெயிலடித்தும் சுவர் காயவில்லையா? வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள். முள் நகர்ந்தால் எங்கோ குழாய் கசிகிறது. கால்வாயைத் திட்டிப் பயனில்லை.

மழைத் தண்ணீர்தான் என்றால் இடி மின்னல் இல்லாத மழையாகப் பார்த்து, குடையோடு வெளியே போய் நில்லுங்கள். பத்து நிமிடம் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கூரைத் தகரக் கால்வாயின் ஓரத்தில் தண்ணீர் வழிந்தால், இலை அடைத்திருக்கும் அல்லது அது குழாய் இறங்கும் பக்கம் சாயாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். இறங்கு குழாய் கால்வாயில் விழாமல் சுவரடியில் கொட்டினால், அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கித் தரை வழியாக மேலே ஏறும்.

அடுத்து, வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தளம். அது வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மண் கொட்டி மேடாக்கிய இடங்களில் நாளாக ஆக அந்த மண் இறங்கும். தளமும் இறங்கும், கால்வாயும் இறங்கும். சில வீடுகளில் சாய்மானமே தலைகீழாகி, தண்ணீர் வீட்டை நோக்கி ஓடும். வெயில் நாளில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாலே தெரியும். நூறு அடிக்கு ஓர் அடி சாய்மானம், அதாவது முப்பது அடி கால்வாய்க்கு மூன்றரை அங்குலம் இருந்தால் நன்றாக ஓடும்.

இனி முக்கியமான சோதனை. கனத்த மழையில் உங்கள் வீட்டுக் கால்வாயையும் வெளியே உள்ள பொதுக் கால்வாயையும் ஒரே நேரத்தில் பாருங்கள். வெளியே தண்ணீர் தாழ ஓடுகிறது, உங்கள் கால்வாய் மட்டும் நிரம்பி நிற்கிறது என்றால் அடைப்பு உங்களிடம். வெளிக் கால்வாயே விளிம்பு வரை நிரம்பி உள்ளே எதிர்த்து வருகிறது என்றால், நீங்கள் வீட்டில் எவ்வளவு செலவு செய்தாலும் பிரச்சினை தீராது.

அந்த அம்மா வீட்டில் நடந்தது முதல் வகை. 9 அங்குல அகலம், 9 அங்குல ஆழமுள்ள கால்வாயை மூடி, அதற்குப் பதிலாக 4 அங்குலக் குழாயைப் புதைத்து, மேலே குசினி கட்டியிருக்கிறார்கள். குழாயின் வாய் பழைய கால்வாயின் வாயில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே சிமெண்டுக் கட்டியும் அரிசிப் பையும் கிடந்தன. கழுவத் திறப்பு கிடையாது. வீட்டை நீட்டிக் கட்ட வரைபட அனுமதி வேண்டும் என்று 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு சொல்கிறது. "எல்லாரும்தான் கட்டுறாங்க" என்று கொத்தனார் சொன்னாராம். எல்லாரும் கட்டியதால்தான் அந்த வரிசை முழுவதும் நனைகிறது!

இன்னொரு தவறையும் பார்த்தேன். வழி கிடைக்காதவர்கள் மழைத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழியில் இணைத்து விடுகிறார்கள். கனத்த மழையில் அந்தக் குழி பொங்கினால் வெளியே வருவது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாப் பழியும் குடியிருப்பவர்கள் மேல் அல்ல. ரப்பரும் செம்பனையும் நின்ற மண் தண்ணீரைக் குடித்தது. கூரையும் தாரும் குடிக்காது. லாபு ஆறு லங்காட் ஆற்றில் சேருகிறது. மேலே புதிய தாமான்கள் எழும்ப எழும்ப, கீழே தண்ணீர் சீக்கிரமாக வந்து சேரும். மழைநீரைத் தேக்கி மெல்ல விட வேண்டும் என்கிற வடிகால் கையேடு 2001-இல் நடைமுறைக்கு வந்தது, 2012-இல் திருத்தப்பட்டது. அதற்கு முன் கட்டிய தாமான்கள் தண்ணீரை வேகமாக வெளியே தள்ளும் பழைய முறையில் எழுந்தவை. 2021 டிசம்பரில் சிலாங்கூரும் நெகிரி செம்பிலானும் வெள்ளத்தில் தவித்ததை நாம் மறக்கவில்லை.

புது வீடு வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளைக் கட்டிய நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். கால்வாய் இறங்கினால் தொலைபேசியில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

அந்த இரண்டு வீட்டு விஷயம்? அண்ணன் தகரத்துக்குத் தண்ணீர்க் கால்வாய் வைத்து, குழாயைத் தன் பக்கமே இறக்கிவிட்டார். அம்மா குசினித் தரையில் இரண்டு இடத்தில் உடைத்து, மூடியுடன் திறப்பு வைத்தார். குழாயைப் பெரிதாக்க வேண்டிய வேலை இன்னும் பாக்கி. நாங்கள் இரண்டாம் முறை போனபோது, அண்ணன்தான் கம்பியை விட்டுக் குழாயைக் குத்திக்கொண்டிருந்தார். அம்மா காப்பியைத் திண்ணையில் வைத்துவிட்டு, "ஆறிடப் போவுது, குடிச்சிட்டுக் குத்துங்கண்ணே" என்றார்.

சாலையோரப் பொதுக் கால்வாய் பாதி மண்ணாகக் கிடந்தது. அது வீட்டுக்காரர் வேலையல்ல. 2020 முதல் அந்தப் பகுதி சிரம்பான் மாநகர் மன்றத்தின் கீழ் வருகிறது. மழை பெய்யும்போதே தேதி தெரியும்படி படம் எடுத்து, தெருப் பெயரும் வீட்டு எண்ணும் எழுதி, இரண்டு வீட்டாரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.