‘சீதா ராமம்’ ஜோடி வாலாஜாபாத்தில் இருந்தால்? சட்டம் என்ன சொல்கிறது?

2022-ல் வெளியான ‘சீதா ராமம்’ படத்தில், காஷ்மீர் எல்லையில் இருக்கும் ராணுவ அதிகாரி ராமுக்குக் கடிதம் எழுதும் ‘சீதா’ உண்மையில் நூர்ஜஹான், ஹைதராபாத் இளவரசி. மதமும் குடும்பமும் குறுக்கே நிற்கும். எல்லைப் பகை மிச்சத்தையும் பறித்துவிடும். இத்தனைக்கும் கதை நடக்கும் காலத்துக்கு 10 ஆண்டு முன்பே, 1954-ல், சிறப்புத் திருமணச் சட்டம் வந்துவிட்டது!

இதே காதல் ஒரகடம் ஆலை ஷிப்ட்டில் ஆரம்பித்திருந்தால்? மதம் மாற வேண்டாம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது முடிஞ்சிருக்கணும். வாலாஜாபாத்தில் வாடகை வீட்டில் இருந்தாலும் சரி, இருவரில் ஒருவர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் 30 நாள் வசித்திருந்தால் இங்கேயே திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்கலாம்.

சிக்கல் அடுத்த 30 நாளில்தான். அந்த நோட்டீஸை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவாங்க. நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்கேயும் ஒட்டுவாங்க. நாம் சொல்வதற்கு முன்பே வீட்டுக்குத் தெரிந்துவிடலாம். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு இது சின்ன பயமில்லை.

ஆனால், ‘வேற மதம்’, ‘எங்களுக்குச் சம்மதமில்லை’ என்பதெல்லாம் சட்டப்படி ஆட்சேபமே கிடையாது. வயது குறைவு, ஏற்கெனவே துணை உயிரோடு இருப்பது, விலக்கப்பட்ட உறவுமுறை மாதிரி காரணம் வேணும். அப்படி எதுவும் வராவிட்டால், 3 சாட்சிகளோடு கல்யாணம் முடிக்கலாம். நோட்டீஸ் கொடுத்த 3 மாதத்துக்குள் முடிக்காவிட்டால், மறுபடியும் நோட்டீஸிலிருந்து ஆரம்பிக்கணும்.