நாற்பத்து மூணு வயசில் செல்லோ!

ஊறுகாய், தையல், மாமியார் - மருமகள் சமாச்சாரம் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ படித்திருக்கிறோம். நான் எழுதப்போவது செல்லோவைப் பற்றி. "என்னது, பேனாவா?" என்று எங்க நாத்தனார் கேட்டார்! இது வாத்தியம்ங்க. வயலினுக்குப் பெரியக்கா என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஏறக்குறைய நாலடி உயரம். அடியில் உள்ள இரும்புக் குச்சியைத் தரையில் ஊன்றி, நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே அணைத்துக்கொண்டு வில் போட வேண்டும்.

பெயர் தெரியாவிட்டாலும் குரலை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். இளையராஜா பாட்டுகளில் வயலின் கூட்டத்துக்கு அடியில் கனமாக ஒன்று இழையுமே, அதில் இதுவும் உண்டு. சினிமாவில் செல்லோ வாசித்த வி.ஆர்.சேகர், வயலின் மேதை வி.எஸ்.நரசிம்மன் தொடங்கிய 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்' குழுவிலும் வாசித்தவர். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. நாலே பேர் சேர்ந்து கர்நாடக கீர்த்தனைகளையே மேல்நாட்டு முறையில் கொடுத்தார்கள்.

நான் பிறந்தது மரக்காணம் உப்பளப் பக்கம். வாழ்க்கைப்பட்டது இடையஞ்சாவடி. எங்க ஊரை ஒட்டித்தான் 1968-ல் தொடங்கிய ஆரோவில். அங்கே தையல் வேலைக்குப் போன பழக்கத்தில், ஒரு நாள் மாலை நாலு பேர் வாசிக்கும் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். டிக்கெட் கிடையாது. சின்னக் கூடம், மைக் கிடையாது. வாசிக்கிறவர்களுக்கும் எனக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது.

அன்றைக்கு ஹேடன் என்பவருடைய இசை. 1732-ல் பிறந்தவர், இந்த நால்வர் கச்சேரிக்காகவே 68 உருப்படி எழுதியிருக்கிறாராம். தாளம் காட்ட ஆள் இல்லை. முதல் வயலின்காரர் மூச்சை இழுத்துத் தாடையை லேசாகத் தூக்கினார். நாலு வில்லும் ஒன்றாக இறங்கியது. மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது! கேசட்டிலும் டி.வி.யிலும் இது வருமா? ஒரு பாகம் முடிந்தால் யாரும் கை தட்டுவதில்லை, கடைசியில்தான். நம்ம கச்சேரிகளில் 'பேஷ், சபாஷ்' என்று உடனுக்குடன் சொல்கிறோமே, அதுதான் எனக்கு இன்னும் பிடிக்கும். செல்லோ அன்றைக்கு அதிகம் பேசவில்லை. ஆனால் கோலத்துக்குப் புள்ளி மாதிரி, அது நின்றால் மற்ற மூன்றும் ஆடிப்போகிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். "கத்துக்கறீங்களா?" என்று அந்தச் செல்லோக்கார அம்மாவே தமிழில் கேட்டார். பழைய வாத்தியம் ஒன்றை இரவலாகவும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சாயத்துதான். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பொம்பளை காலை அகட்டி உக்காந்து... நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவான்?" என்றார். எங்க வீட்டுக்காரர் பேப்பரை விட்டுத் தலை தூக்கவில்லை. இந்தப் பேச்சு நம்ம ஊரில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் ஐரோப்பாவிலேயே பெண்கள் செல்லோ தொட்டால் முகம் சுளித்தார்களாம். தொட்டவர்களில் பலர் இரண்டு காலையும் ஒரே பக்கமாக ஒதுக்கி, உடம்பைத் திருகிக்கொண்டு வாசித்தார்கள். அந்தக் காலத்தில் லிஸ் கிறிஸ்தியானி என்ற பிரெஞ்சுப் பெண், செல்லோவும் கையுமாக சைபீரியா வரை போய்க் கச்சேரி செய்தார். மெண்டெல்சன் ஒரு பாட்டையே எழுதி அவருக்குக் காணிக்கை ஆக்கினார். 1853-ல் ரஷ்யாவில் காலராவில் இறந்தபோது இருபது சொச்சம் வயதுதான், பாவம். இந்தக் கதையை அத்தையிடம் சொன்னேன். "அவ தைரியசாலி, உனக்கு அடுப்புல பால் பொங்குது பாரு" என்றார்!

புடவை சரிப்படாது. அகலமான பாவாடை தைத்துக்கொண்டேன். கை வைக்காத நாற்காலி வேண்டும், உயரமும் சரியாக இருக்க வேண்டும். முதல் மாதம் முழுக்கத் திறந்த தந்தியில் வில்லை இழுப்பது மட்டும்தான். அடுத்தடுத்த தந்திகள் ச - ப உறவில் இருக்கும். பாட்டு கொஞ்சம் தெரிந்தவர்களுக்குக் காது சீக்கிரம் பிடித்துவிடும். கட்டைவிரலை விறைப்பாக வைத்தால் தோள்பட்டை வரை வலி. இடது கை விரல் நுனி காய்ச்சுப் போயிற்று. ஊசி பிடித்த விரல்தானே, தாங்கிக்கொண்டது. வீட்டு வேலை ஒதுங்கி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருமுன் இரண்டு மணியிலிருந்து இரண்டரை வரை. அந்த அரை மணி நேரத்தில் யார் வந்து கேட்டாலும் காபி கிடையாது. இதைச் சொல்லத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

எங்க பக்கக் கடல் காற்றில் மரவாத்தியம் படும் பாடு தனிக்கதை. ஐப்பசி மழையில் மரம் ஊதி முடுக்காணி இறுகிவிடும். வெயில் காலத்தில் காய்ந்து தானாக வழுக்கி, சுருதி இறங்கிவிடும். வெயில் படாமல், சுவரை ஒட்டாமல், உள் அறையில் படுக்கவைக்கிறேன். கைப்பிள்ளை மாதிரிதான்.

அத்தைக்குக் காது மந்தம். குக்கர் விசிலோ, குழந்தைகளின் கீச்சுக் குரலோ சரியாக விழாது. வயசானவர்களுக்கு முதலில் போவது மேல் ஸ்தாயிதானாம். ஒரு நாள் மத்தியானம் நான் கீழ்த் தந்தியில் இழுத்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இது நல்லா கேக்குதுடி" என்றார். வாத்தியத்தின் மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இரண்டு மணிக்குத் தெருக்கதவை அவரே சாத்தினார்.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. பரீட்சை எழுதவில்லை, மேடை ஆசையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வயலின்காரர்களோடு சேர்ந்து ஹேடனின் எளிதான ஒரு பாகத்தை, நிதானமாக, நின்று நின்று வாசிக்கிறோம். நாலாவது நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. திண்டிவனம், புதுச்சேரிப் பக்கத்துத் தோழிகளில் வயோலா வாசிப்பவர் யாராவது இருக்கிறீர்களா? இந்தப் பக்கத்துக்கே எழுதுங்கள். முந்திரி வறுத்து வைக்கிறேன்.

- ஒரு வாசகி, இடையஞ்சாவடி