ஒற்றை எண்ணில் அடங்காத காலம்

காரமடையில் மாலை நடைக்குச் சென்றபோது, என் பழைய மாணவர் ஒருவர் நிறுத்திக் கேட்டார்: "ஐயா, ஒரு கரித்துண்டை வெச்சு 2,600 வருசம்னு எப்படிங்க சொல்றாங்க?" கீழடியைப் பற்றிய கேள்வி அது. தொல்லியல் என் துறையன்று. எனினும், பொருளியல் ஆசிரியனாக மதிப்பீடுகளோடும் அவற்றின் பிழை வரம்புகளோடும் பழகியவன் என்பதால், அக்கேள்வி என்னை விடவில்லை.

கார்பன்-14 காலக்கணிப்பின் அடிப்படை எளிமையானது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை உருவாக்குகின்றன. உயிருள்ளவரை தாவரம் அதை உட்கொள்கிறது. இறந்ததும் வரவு நின்று செலவு மட்டுமே தொடர்கிறது. 5,730 ஆண்டுகளில் இருப்பு பாதியாகிறது. எஞ்சிய அளவைக் கொண்டு வயதைக் கணிக்கலாம் என 1949-இல் மெய்ப்பித்த வில்லார்டு லிப்பி, 1960-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால், இக்கணக்கு தாவரம் இறந்த காலத்தைச் சொல்கிறதே தவிர, அருகில் கிடந்த பானையின் காலத்தை நேரடியாகச் சொல்வதில்லை. முதிர்ந்த மரத்தின் உட்பகுதிக் கரி, அடுப்பெரிந்த நாளைவிடப் பல பத்தாண்டுகள் பழைமையைக் காட்டக்கூடும். பழனி அருகே பொருந்தலில், ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல் பொ.ஆ.மு. 490 எனக் கணிக்கப்பட்டது மதிப்புமிக்கதாவது இதனால்தான். நெல் ஒரு பருவப் பயிர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வளிமண்டலத்தில் கார்பன்-14 அளவு எக்காலத்திலும் ஒரே சீராக இருந்ததில்லை. மர வளையங்களை ஒப்பிட்டு அதைத் திருத்துகிறார்கள். அத்திருத்தக் கோடு, பொ.ஆ.மு. 800 முதல் 400 வரை ஏறக்குறைய மட்டமாகக் கிடக்கிறது. அக்காலத்தின் முற்பகுதி மாதிரியும் பிற்பகுதி மாதிரியும் கிட்டத்தட்ட ஒரே அளவீட்டைத் தரக்கூடும். கீழடியின் பொ.ஆ.மு. 580-உம் பொருந்தலின் 490-உம் இந்த மட்டத்தில்தான் விழுகின்றன. அந்த எண்களுக்குப் பின்னால் நூற்றாண்டுகள் அகன்ற கால வீச்சு உள்ளது.

அதனால் இம்முறை பயனற்றதாகிவிடுமா? இல்லை. நம் நொய்யல் கரைக் கொடுமணலே விடை சொல்கிறது. அங்கே 15 செ.மீ. முதல் 120 செ.மீ. வரை வெவ்வேறு ஆழங்களில் எடுத்த ஐந்து மாதிரிகள் பொ.ஆ.மு. 200 முதல் 408 வரை காலம் காட்டின. ஆழம் கூடக் கூடப் பழைமையும் கூடியது. ஒற்றை எண் தராத நம்பிக்கையை அந்த வரிசை தருகிறது.

அமெரிக்காவிலும் இதே பாடம்தான். நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் மனிதக் காலடித் தடங்கள் 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழைமையானவை என்று 2021-இல் அறிவித்தார்கள். கணித்தது நீர்த்தாவர விதைகளை. நீரில் கரைந்த பழைய கார்பன் வயதைக் கூட்டியிருக்கலாம் என்று ஆட்சேபம் எழுந்தது. ஆய்வாளர்கள் நிலத்தாவர மகரந்தத்தையும், மணல் துகள்களை ஒளிர்வு முறையிலும் சோதித்தனர். 2023-இல் வந்த முடிவுகள் முந்தையவற்றோடு பொருந்தின. ஆட்சேபம் ஆய்வை வலுப்படுத்தியது.

அடுத்த அகழாய்வு அறிவிப்பு வரும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்போம்: சோதித்த பொருள் எது? மாதிரிகள் எத்தனை? கால வீச்சு என்ன? இவற்றைக் கேட்பது தமிழர் தொன்மையை ஐயுறுவதாகாது. ஓர் எண்ணின் மீது மட்டும் கட்டிய பெருமிதத்தை ஒரு திருத்தம் சாய்த்துவிடும். பல சான்றுகளின் மீது எழுந்ததை அவ்வளவு எளிதில் சாய்க்க இயலாது.