மூணு நாள் மிஷன் ட்ரிப்: போகலாமா, வேணாமா?

(ஒலிபரப்பான எபிசோடைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தித் தந்திருக்கிறோம்.)

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அம்பத்தூர்லேர்ந்து ஒரு தங்கச்சி, காலேஜ் செகண்ட் இயர். "அண்ணா, எங்க சர்ச் யூத் டீம் மூணு நாள் ஒரு கிராமத்துக்கு ஊழியத்துக்குப் போறாங்க. மெடிக்கல் கேம்ப், குழந்தைகளுக்குப் பாட்டு, விளையாட்டு எல்லாம் இருக்கு. எனக்குப் போக ஆசை. ஆனா மூணு நாள்ல நாம என்ன செஞ்சிடப் போறோம்னு ஒரு உறுத்தல். போகலாமா?"

இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல எனக்குத் தெரியல. ஏன்னா நானும் அப்படி ஒரு டீம்ல போயிருக்கேன். அந்தக் கதையிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் கோவில்பதாகை பையன். போன வருஷம் பூஜை லீவுல, எங்க டீம் பதினெட்டு பேர், ஊத்துக்கோட்டை தாண்டி ஒரு இருளர் குடியிருப்புக்குப் போனோம். நாற்பது வீடு இருக்கும். ஒரே கலர் டி-ஷர்ட், வேன் முன்னாடி பேனர். இப்ப கணக்குப் பார்த்தா, மருந்துக்குச் செலவானதை விட அந்த டி-ஷர்ட்டுக்கும் பேனருக்கும் செலவானதுதான் அதிகம். சரி, அது இருக்கட்டும்.

ரெண்டாவது நாள் மெடிக்கல் கேம்ப். பிரஷர், சுகர் பார்த்தோம். எங்ககூட வந்த டாக்டர் அண்ணன் நல்லாவே பார்த்தாரு, குறை சொல்ல முடியாது. ஒரு பாட்டிக்கு சுகர் முந்நூறு தாண்டி இருந்துச்சு. பதினஞ்சு நாளைக்கு மாத்திரை எழுதினாரு. நான்தான் கவர்ல போட்டு, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு சூரியன், நிலா படம் வரைஞ்சு குடுத்தேன். பாட்டி வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "இது தீந்துச்சுன்னா எங்க வரணும் நைனா?"

நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் டீம் லீடரைப் பார்த்தாரு. லீடர், "கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா"ன்னாரு. அந்த ஊருக்கு பஸ் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. பாட்டி சரின்னு தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. எதிர்ல இருக்கிறவன் மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு தலையாட்டுவாங்க இல்ல, அந்த மாதிரி.

குறுகிய கால ஊழியத்தைப் பத்தி உலகம் முழுக்க நடக்கிற விவாதம் மொத்தமும் எனக்கு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிற மாதிரி தோணுது. இந்த மாடலே ரொம்பப் பழசு இல்ல. 1957 கோடையில ஜார்ஜ் வெர்வர்னு ஒரு அமெரிக்கக் கல்லூரி மாணவர், ரெண்டு நண்பர்களோட மெக்சிகோவுக்குப் போனாரு. அதுலேர்ந்துதான் ஆபரேஷன் மொபிலைசேஷன் வளர்ந்துச்சு. 1960ல யூத் வித் எ மிஷன். வாழ்நாள் முழுக்க மிஷனரியா இருக்கிறது ஒரு வழின்னா, லீவுல போயிட்டு வர்றது இன்னொரு வழின்னு அப்போதான் பரவலாச்சு. நம்ம ஊர் சர்ச் யூத் டீம்கள் வேன் எடுத்துக்கிட்டுக் கிளம்புறதும் கிட்டத்தட்ட அதே மாடல்தான்.

இதை ஒருத்தர் உட்கார்ந்து கணக்குப் போட்டும் பார்த்திருக்காரு. 1998ல மிட்ச் புயல் ஹோண்டுராஸ் நாட்டை அடிச்சு நொறுக்கிடுச்சு. வட அமெரிக்க சர்ச்கள்லேர்ந்து டீம் டீமா போய் வீடு கட்டிக் குடுத்தாங்க. கால்வின் காலேஜைச் சேர்ந்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக், சில வருஷம் கழிச்சு அந்த வீடுகள்ல இருந்தவங்களைப் போய் பார்த்தாரு. விமானச் செலவு எல்லாம் சேர்த்து ஒரு டீமுக்கு ஆனது சுமார் 30,000 டாலர். அதே மாதிரி வீட்டை உள்ளூர் அமைப்பு சுமார் 2,000 டாலர்ல கட்டிடும். வெளிநாட்டு டீம் கட்டின வீட்ல இருந்தவங்களுக்கும், உள்ளூர்க்காரங்க கட்டின வீட்ல இருந்தவங்களுக்கும் வாழ்க்கையில பெரிய வித்தியாசம் எதுவும் தெரியல.

"ஆனா போனவங்க மனசு மாறுமே, திரும்பி வந்து நிறைய குடுப்பாங்களே"ன்னு நீங்க கேக்கலாம். அதையும் பார்த்தாரு. போனவங்க நிறைய பேர் மாறிட்டோம்னு சொன்னாங்க. காணிக்கைக் கணக்கைப் பார்த்தா அந்த மாற்றம் பெருசா தெரியல. இது எனக்கு நல்லாவே சுட்டுச்சு. வேன்ல திரும்பி வரும்போது நாங்களும் அழுதுக்கிட்டேதான் சாட்சி சொன்னோம்.

அப்போ போகவே கூடாதா? இங்கதான் நம்ம வேலூர் கதை வருது.

1890ல ஐடா ஸ்கடர்னு ஒரு இளம்பெண், அமெரிக்காவுல படிப்பை முடிச்சிட்டு திண்டிவனத்துக்கு வர்றாங்க. அப்பா அங்க மிஷனரி டாக்டர், அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. கொஞ்ச நாள் கூட இருந்துட்டுத் திரும்பிப் போறதுதான் பிளான். மிஷனரியா ஆகுற எண்ணமே அவங்களுக்கு இல்ல. ஒரே ராத்திரியில, ஒருத்தருக்குப் பின்னாடி ஒருத்தரா மூணு ஆண்கள் வந்து கதவைத் தட்டுறாங்க. மூணு பேர் வீட்லயும் மனைவிக்குப் பிரசவம் சிக்கல். அப்பா வர்றேங்கிறாரு, ஆனா ஆண் டாக்டர் வேணாம்னுட்டாங்க. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிஞ்சப்போ மூணு பெண்களும் இறந்துட்டாங்க.

அடுத்து அவங்க செஞ்சதைக் கவனிங்க. 'நான் இருக்கேன்'னு அங்கேயே உடனே களத்துல குதிக்கல. திரும்பிப் போய் மருத்துவம் படிச்சாங்க. 1899ல கார்னெல்ல பட்டம் வாங்கி, 1900ல வேலூருக்கு வந்தாங்க. இன்னைக்கு சிஎம்சின்னு நாம சொல்றது, அன்னைக்கு ஒரே ஒரு படுக்கை போட்ட ஒரு ரூம்.

ஆஸ்பத்திரி வந்த பிறகும் கிராமத்துக்காரங்களால வர முடியல. அதனால இவங்க போனாங்க, முதல்ல மாட்டு வண்டியில, பிறகு கார்ல. குடியாத்தம் போற ரோட்ல மரத்தடியில நிறுத்தி வைத்தியம் பாப்பாங்க. 'ரோட்சைடு'ன்னு அதுக்குப் பேர். நல்லா யோசிச்சா அதுவும் குறுகிய பயணம்தான், ஒரு இடத்துல கொஞ்ச நேரம்தான் நிப்பாங்க. ஆனா அடுத்த வாரம் அதே கிழமை, அதே மரத்தடிக்கு வண்டி வரும். புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டவருக்கு, அதை எப்போ, எங்க மாத்திக்கணும்னு தெரியும். பாட்டி எங்ககிட்ட கேட்ட கேள்விக்கு அந்த ரோட்ல பதில் இருந்துச்சு.

அவங்க தன்னோட நிறுத்திக்கவும் இல்ல. 1909ல நர்சிங் ஸ்கூல், 1918ல பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. வேலைக்குத் தொடர்ந்து வெளிநாட்டுலேர்ந்து ஆள் வந்துக்கிட்டே இருக்கணும்னு இல்லாம, இங்க இருக்கிற பெண்களையே தயார் பண்ணாங்க.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, உதவி வாங்குறவங்க பக்கம். அதைப் பேசினவர் நம்ம ஆளு. நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில பிறந்த வி. எஸ். அசரியா. 1903ல திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சதுல முக்கியமானவர். தமிழ்க் கிறிஸ்தவங்களே காசு போட்டு, ஆள் அனுப்பி, நிஜாம் ஆட்சியில இருந்த தோர்னக்கல் பகுதியில வேலை செஞ்சாங்க. தெலுங்கு கத்துக்கிட்டு அங்கேயே போய் இருந்தவர் இவர். 1912ல ஆங்கிலிக்கன் திருச்சபையோட முதல் இந்தியப் பிஷப் ஆனாரு.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1910ல எடின்பரோவுல உலக மிஷனரி மாநாடு. வந்திருந்தவங்கள்ல பெரும்பாலும் வெள்ளைக்காரங்க. அவங்க முன்னாடி நின்னு இவர் பேசினதோட சாரம் இதுதான்: நீங்க நிறைய குடுத்தீங்க, உயிரையே குடுத்தீங்க, நன்றி. ஆனா எங்களை உங்களுக்குச் சமமா உட்கார வைக்கல. எங்களுக்கு நண்பர்கள் வேணும். சபையில பல பேருக்கு அது பிடிக்கல.

வாங்குற பக்கம் நிக்கிறது எப்படின்னு எனக்கும் கொஞ்சம் தெரியும். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கோவில்பதாகையில எங்க தெருவுல முழங்கால் தண்ணி. நிவாரண வண்டி வருது, பன் பாக்கெட் குடுக்கிறாங்க, வாங்கும்போது போட்டோ. அடுத்த வண்டியிலயும் பன். எங்க அம்மா மூணாவது பன் பாக்கெட்டை கைல வெச்சுக்கிட்டு கேமராவுக்கு சிரிச்சாங்க பாருங்க, அந்த முகம் எனக்கு மறக்காது. எங்களுக்கு வேண்டியிருந்தது குடிதண்ணியும் ஒரு மோட்டாரும். நாலாவதா வந்த ஒரு குரூப்தான், வர்றதுக்கு முன்னாடியே தெருவுல ஒருத்தருக்கு போன் போட்டு "என்ன வேணும்"னு கேட்டாங்க. அவங்க போட்டோ எடுக்கல. எடுத்திருந்தாகூட நாங்க சந்தோஷமா நின்னிருப்போம்.

இவ்வளவு தெரிஞ்சும் அடுத்த வருஷம் நான் டி-ஷர்ட் போட்டுக்கிட்டு வேன்ல ஏறினேன். அதுதான் வேடிக்கை.

சரி தங்கச்சி, உன் கேள்விக்கு வர்றேன். போ. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி உங்க லீடர்கிட்ட, நாம திரும்பின பிறகு அந்த ஊர்ல யார் இருப்பாங்கன்னு கேளு. ஒரு உபதேசியாரோ, டீச்சரோ, கிராம சுகாதார செவிலியரோ இருந்தா, அவங்களுக்கு என்ன தேவைன்னு கேட்டு அதைச் செய்யுங்க. அது பாட்டு, நாடகமா இருக்காது. பத்து பிள்ளைங்களுக்கு சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் நிரப்புற வேலையா இருக்கலாம். இருளர் பிள்ளைங்க பல பேருக்கு மேல்படிப்பு நின்னு போறது அந்த ஒரு பேப்பராலதான். வேலை நாள்ல கேம்ப் போடாதீங்க, வர்றவங்களுக்கு ஒரு நாள் கூலி போயிடும். சாப்பாடு அவங்க தலையில விழக்கூடாது. எங்களுக்காக அந்த ஊர்ல கோழி அடிச்சாங்க, யார் காசுன்னு நாங்க கேக்கவே இல்ல.

இன்னொண்ணு, கொஞ்சம் சங்கடமான விஷயம். ஒரு கையில மாத்திரை, இன்னொரு கையில துண்டுப் பிரசுரம்னு நீட்டாதீங்க. பாட்டியால ரெண்டாவதை வேணாம்னு சொல்ல முடியுமா? வேணாம்னு சொல்ல முடியாத இடத்துல ஒருத்தரை நிறுத்திட்டு நம்பிக்கையைப் பத்திப் பேசுறது நியாயமில்ல. நானும் விசுவாசிதான், விசுவாசியா இருந்துதான் இதைச் சொல்றேன்.

பாட்டிக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. எங்க டீம்ல ஒரு அக்கா நர்சிங் படிக்கிறாங்க. அவங்களுக்கும் தூக்கம் வரல போல. மாத்திரை தீர்றதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் திருவள்ளூர் போய், ஊத்துக்கோட்டை பஸ் பிடிச்சு, அந்தப் பகுதி சுகாதார செவிலியரைப் பார்த்தோம். 2021லேர்ந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கு. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். பாட்டி பேரு மட்டும் லிஸ்ட்ல இல்ல. கணக்கெடுக்க வந்தப்போ மகனோட செங்கல் சூளையில இருந்திருக்காங்க. செவிலியர் அன்னைக்கே பேரைச் சேர்த்தாங்க. எங்க பதினெட்டு பேரோட மூணு நாளை விட அந்த இருபது நிமிஷம் உருப்படியா இருந்துச்சு.

பிப்ரவரியில திரும்பப் போனோம். பாட்டி வீடு பூட்டியிருந்துச்சு, மறுபடியும் சூளைக்குப் போயிட்டாங்க. அந்த மாச மாத்திரை பக்கத்து வீட்டு அக்காகிட்ட அப்படியே இருந்துச்சு. சூளை எந்த சுகாதார நிலையத்துக்குக் கீழ வருதுன்னு பார்த்துச் சொல்றேன்னு செவிலியர் சொல்லியிருக்காங்க. அவங்க நம்பர் எங்ககிட்ட இருக்கு. திங்கட்கிழமை போன் பண்ணணும்.